சிதோனியின் முதுகு

உள்ளே வந்த சிதோனி உட்காரவில்லை. வந்த வேகத்திலேயே குனிந்துவிட்டாள். நேற்றெல்லாம் நான் தேடித் தேடி அலுத்துப்போன குண்டூசி, என் தையல் மேசைக்கு அடியிலிருந்து அவள் விரல்களுக்கு வந்துவிட்டது. அதை உதட்டில் கவ்விக்கொண்டு அடுத்ததற்குக் கை நீட்டினாள். இன்னொரு குண்டூசி, ஒரு எலும்புப் பொத்தான், நூல் துண்டுகள், ஒரு காய்ந்த பட்டாணி. என் தையல் அறைக்குள் பட்டாணி எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

“ஏண்டி ஹொர்த்தான்ஸ், உன் வீட்டுத் தரையை நம்பி ஒரு குடும்பமே பொழைக்கலாம் போலிருக்கே!”

“பொறுக்குனதை மேசை மேல வச்சிடுக்கா.”

“வைக்காம? உன் குண்டூசியைத் தின்னுட்டா போகப்போறேன்?”

குண்டூசிகளை வைத்தாள். பொத்தானையும் யோசித்து யோசித்து வைத்தாள். பட்டாணி மட்டும் மடிக்குள் போய்விட்டது.

எங்கள் ரெமிகூர் கிராமத்தில் குனியாதவர்கள் யாரும் கிடையாது. பீட்ரூட்டுக்குக் களையெடுக்கக் குனிகிறோம், உருளைக்கிழங்கு தோண்டக் குனிகிறோம், பாதிரியார் திரும்பிப் பார்த்தால் அதற்கும் குனிகிறோம். ஆனால் ஆளுக்கு ஒரு விதம். சிலர் குந்துவார்கள், சிலர் மண்டியிடுவார்கள். ரொட்டிக்கடைக்காரர் மனைவி யூலாலி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த புனிதர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பாதி வழியில் மனம் மாறி நிமிர்ந்துவிடுவாள். சிதோனி அப்படியில்லை. இடுப்பில் யாரோ கதவுக்கீல் அடித்துவிட்டதுபோல ஒரே மடிப்பாக மடிவாள். முழங்கால் மடங்காது. உள்ளங்கை முழுசாகத் தரையில் படியும். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்பிள்ளை! அவளுக்குப் பாவாடை தைக்கும்போது பின்பக்கத்தை மட்டும் நாலு விரல் கூட விட்டு வெட்டுவேன். இல்லாவிட்டால் அவள் குனிகிற ஒவ்வொரு தடவையும் ஊருக்கே காலுறை தெரியும்.

ஆள் குள்ளம். சுட்ட ஆப்பிள்போல் சுருங்கிய முகம். முன்பல் ஒன்று இல்லை, அந்த இடைவெளி வழியாக வாத்துகளைச் சீட்டியடித்துக் கூப்பிடுவாள். அவை அவளுடைய வாத்துகள் அல்ல என்பது வேறு விஷயம். என் வீட்டிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் வேலியில் சிக்கிய ஆட்டுமயிர், குதிரை லாடத்திலிருந்து விழுந்த ஆணி, வாத்து இறகு என்று மடி நிரம்பிவிடும். யாராவது கேட்டால் அவளிடம் ஒரு சட்டம் இருக்கிறது.

“நின்னுக்கிட்டிருந்தா அது சொந்தக்காரனுது. கீழ விழுந்துட்டா சிதோனியுது.”

அவள் புருஷனைப் புதைத்த அன்று, குழிக்கருகில் நின்றவள் சட்டென்று மடிந்து போனாள். துக்கம் தாங்காமல் விழுகிறாள் என்று நானும் இன்னும் நாலு பேரும் அழுதுகொண்டே ஓடிப்போய்த் தாங்கினோம். நிமிர்ந்தபோது அவள் கையில் ஒரு பித்தளைப் பொத்தான் இருந்தது. “சிப்பாய்க் கோட்டுப் பொத்தான்டி” என்று என் காதில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள். நன்றாகவே அழுதாள்.

இப்படிப் பொறுக்குவது அவளுக்குப் பொழுதுபோக்கு அல்ல. அறுவடை முடிந்து, கடைசிக் கதிர்க்கட்டும் வண்டியேறிப் போன பிறகு, வயல்காவலர் பொலிகார்ப் தமுக்கு அடிப்பார். அதற்குப் பிறகுதான் ஏழைப் பெண்கள் வயலுக்குள் இறங்கி உதிர்ந்த கதிர்களைப் பொறுக்கலாம். கையால் மட்டும்தான், பல் வைத்த வாருகோல் கூடாது. ஒரு கட்டு வயலில் நின்றாலும் யாரும் கால் வைக்கக் கூடாது. சிதோனி ஒரு கோடையில் பொறுக்குகிற கோதுமை, மாவாகி ரொட்டியாகி ஈஸ்டர் வரைக்கும் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அந்தக் கோதுமை இல்லையென்றால் அவளுக்கு ஒரே வழிதான் உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டு, அராஸ் நகரத்தில் இருக்கிற மகன் வீட்டு அடுப்படி மூலையில் போய் உட்கார வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குக் குலை நடுங்கும்.

“மருமக வைக்கிற சூப்பைக் குடிச்சிருக்கியா நீ? கேரட்டைக் கொண்டாந்து தண்ணிக்கு மேல காட்டிட்டுத் திரும்ப எடுத்து வச்சிடுவா. அந்த நிழல்தான் சூப்பு.”

போன வருஷம் கோடையில்தான் அந்த ஓவியர் பாரீஸிலிருந்து வந்து யூலாலி வீட்டு மாடியில் தங்கினார். மோர்த்தே என்று பெயர். ஒரு மடக்கு முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினார். பெண்களின் முகத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. களையெடுக்கிற இடத்தில், துணி துவைக்கிற இடத்தில், பின்னால் போய் நின்றுகொண்டு தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். புருஷன்மார்கள் தடிகளைத் தயார் செய்துகொண்டிருந்த சமயத்தில், நல்லவேளை, சாலையோரப் பள்ளத்திலிருந்து ஏதோ எடுத்துக்கொண்டிருந்த சிதோனியைப் பார்த்துவிட்டார்.

“அம்மா, அப்படியே நில்லுங்க!” என்று கத்தினாராம்.

“நில்லுன்னா நிக்கலாம். குனிஞ்சவ எப்படிய்யா நிக்கிறது?” என்று பள்ளத்துக்குள்ளிருந்தே கேட்டாளாம் இவள். ஆனால் நிமிரவில்லை.

ஓவியருக்குப் பின்னணியில் பெரிய கதிர்ப்போர்கள் வேண்டியிருந்தன. எங்கள் மேயர் பிளாங்கார் தள்ளுவண்டியைக்கூட இரவல் தராத மனிதர். பாரீஸ்காரர்கள் தன் போர்களைப் பார்க்கப் போகிறார்கள் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வண்டிகளை நிறுத்திவைத்தார். பக்கத்து வயல் கட்டுகளையும் கொண்டுவந்து அடுக்கி, இருந்ததைவிடப் போரை உயரமாக்கினார். ஓவியர் வேலை முடிகிறவரை பொலிகார்ப்பின் தமுக்கு ஆணியில் தொங்கியது. அறுத்த வயலின் நடுவே, போர்களுக்கு முன்னால், சிதோனி மட்டும் தன்னந்தனியாகக் குனிந்து நின்றாள்.

குனிந்து நின்றவள் சும்மா நின்றாளா? “கீழ பூரா கதிர் கிடக்குடி. குனிஞ்சே நில்லுங்கறாரு. கண்ணை மூடிக்கவா முடியும்?” என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அவளுக்கு அடிக்கடி கால் மரத்துப்போனது. மரத்தபோதெல்லாம் ஒரு அடி தள்ளி நின்றாள். ஓவியரும் பாவம், முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி தள்ளி உட்கார்ந்தார். இப்படியே அவர் படம் வரைந்து முடிக்க, இவள் வயலை வழித்து முடித்தாள். பிறகு போர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், தமுக்கு அடித்தது, மற்றப் பெண்கள் ஓடி வந்து பார்த்தார்கள். அரிதாளும் மண்ணும்தான் இருந்தன. எல்லாரும் சேர்ந்து குருவிகளைச் சபித்தார்கள். நானும் கூட நின்று, வாய்க்குள் கன்னத்தைக் கடித்துக்கொண்டு, இரண்டு வார்த்தை சபித்தேன்.

“இந்த வருஷம் குருவி ஜாஸ்திதான்” என்று பொலிகார்ப்பும் மீசையைத் தடவினார்.

இந்த வசந்தத்தில் அந்தப் படம் ஒரு படப் பத்திரிகையில் அச்சாகி வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் வாங்குகிற பத்திரிகை. அந்தப் பக்கத்தைக் கிழித்து பியர்க்கடைச் சுவரில் ஒட்டினார்கள். பாரீஸில் பெரிய கூடத்தில் மாட்டியிருக்கிறதாம், தொப்பி போட்ட கனவான்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறார்களாம். படத்தில் முகம் கிடையாது. தலைத்துணியின் முனை கொஞ்சம், கையில் ஒரு பிடி கதிர், மற்றதெல்லாம் முதுகு. முதுகு என்று நான் மரியாதைக்காகச் சொல்கிறேன். வாசகர்களுக்குப் புரியும்.

அன்று முதல் சிதோனியைப் பிடிக்க முடியவில்லை. அராஸ் போகிற தபால் வண்டி பியர்க்கடை முன்னால் நின்று குதிரைக்குத் தண்ணீர் காட்டும். வண்டிச் சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சாலை நடுவில் நின்றுகொள்வாள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குனிவாள். வழக்கமாக வருகிற வெளியூர்க்காரர்கள் ஜன்னல் வழியாகத் தலை நீட்டுவார்கள். தெரியாதவர்களுக்கு வண்டிக்காரனே விளக்கம் சொல்வான். மற்றவர்கள் முகமன் சொல்லுகிற இடத்தில் இவள் முதுகைக் காட்டினாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

போட்டி வராமல் இருக்குமா? ஓவியர் தன் வீட்டு மாடியில்தானே தங்கினார், ஜன்னலிலிருந்து தன்னைப் பார்த்துத்தான் வரைந்தார் என்று யூலாலி கடையில் ரொட்டியோடு சேர்த்து எல்லாருக்கும் விநியோகம் பண்ணினாள். சிதோனி அலட்டிக்கொள்ளவில்லை. கடை வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, “யூலாலி, கண்ணு, உன்னைப் பின்னாடியிருந்து வரையணும்னா அந்த மனுஷன் படம் போடுற துணி இன்னொண்ணையும் சேர்த்துத் தச்சிருக்கணும்!” என்றாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கருகின ரொட்டிதான் கிடைத்தது. அதையும் சிரித்துக்கொண்டே தின்றாள்.

வினை அராஸ் சந்தையில் காத்திருந்தது. மற்ற ஊர்க் காவலர்கள் பொலிகார்ப்பைச் சூழ்ந்துகொண்டு, “உங்க ஊர்ல கெழவிங்க ரொம்பச் சுறுசுறுப்பாமே! போர் வயல்ல நிக்கும்போதே பொறுக்க எறங்கிடுறாங்களாமே! தமுக்கை வித்துட்டீரா, என்ன?” என்று சிரித்துத் தள்ளிவிட்டார்கள். மனிதர் பீட்ரூட் நிறத்தில் ஊர் திரும்பினார். நேரே பியர்க்கடைக்குப் போய், இத்தனை நாள் முதுகை மட்டும் பார்த்த படத்தை, முதல் தடவையாகச் சட்டக் கண்ணோடு பார்த்தார். பின்னால் போர் நிற்கிறது. முன்னால் ஒரு பெண். கையில் கதிர். அப்போதுதான் அவருக்குக் குருவிகள் ஞாபகம் வந்தன.

மறுநாள் தமுக்கு அடித்தது. படத்தில் இருக்கிற பெண் யாராக இருந்தாலும், இந்த வருஷம் ரெமிகூர் வயல் எதிலும் கால் வைக்கக் கூடாது. சனிக்கிழமை மேயர் விசாரிப்பார். கேட்டவுடன் யூலாலி கடையில், “என் முதுகா? நான் ஜென்மத்துல குனிஞ்சதே கிடையாதே!” என்று ஒரு ரொட்டிக்குப் பதிலாக ஒன்றரை ரொட்டி கொடுத்துச் சாட்சி சேர்த்தாள். அந்தப் படத்தில் இருப்பது யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் போய்விட்டது. நாய்கூட வேறு பக்கம் பார்த்தது.

இதற்கு நடுவே தபால் வண்டி வந்து நின்றது. சிதோனி சாலைக்கு ஓடினாள். எனக்கு வந்ததே கோபம்! கத்தரியும் கையுமாக ஓடிப்போய், குனிந்திருந்தவளை இடுப்புக் கச்சையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்து வந்து, கதவைச் சாத்தினேன்.

“உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? சனிக்கிழமை மேயர் கேப்பாரு. அது நான் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. முடிஞ்சு போச்சு. சாட்சின்னு பார்த்தா அந்தப் படம் ஒண்ணுதான்.”

“பாரீஸ்ல மாட்டியிருக்காங்கடி.”

“மாட்டட்டுமே. பாரீஸ் உனக்கு மாவு அரைச்சு அனுப்புமா? மருமக சூப்புதான் குடிக்கணும், பார்த்துக்க. குளிர்காலம் பூரா!”

சூப்பு என்றதும் கொஞ்சம் ஆடிப்போனாள். முக்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த சிதோனியைப் பார்த்துப் பழக்கமில்லாததால் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. சிக்கரிக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள்.

“நான் குனிஞ்சா எல்லாரும் என்னைத் தாண்டிப் போயிடுவாங்க, ஹொர்த்தான்ஸ். எங்க வீட்டுக்காரர் உட்பட. கல்லு கிடந்தா சுத்திப் போவாங்கள்ல, அந்த மாதிரி. அந்த மனுஷன் ஒருத்தர்தான் நின்னாரு. நின்னு, ‘நிமிராதீங்க’ன்னு கெஞ்சினாரு. என்னை யாருடி கெஞ்சியிருக்காங்க?”

இவளை நினைத்து எத்தனை தடவை சிரித்திருக்கிறேன், அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அழுதால் ரொட்டி வந்துவிடுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு அதட்டினேன்.

“சரி. நீ பொய் சொல்ல வேணாம். உண்மையும் சொல்ல வேணாம். வாயையே திறக்காதே. நான் பேசிக்கிறேன். சத்தியம் பண்ணு.”

“திறக்கல, போ.”

சனிக்கிழமை மேயர் அலுவலகத்தில் நாங்கள் நான்கு பேர். மேசைக்குப் பின்னால் மேயர் பிளாங்கார். பக்கத்தில் கைப்பட்டைப் பித்தளைத் தகட்டைத் துலக்கி மாட்டிக்கொண்டு, சுவரிலிருந்து உரித்த படத்தோடு பொலிகார்ப். ஊர்ப் பாவாடைகளை எல்லாம் வெட்டுகிறவள் என்பதால் சாட்சி சொல்ல நான். சிதோனி வந்தாள், அதே பாவாடையில் வந்தாள்! படத்தில் இருக்கிற அதே பாவாடை! துவைத்து, இஸ்திரி போட்டு! அவளை அங்கேயே கிள்ளியிருப்பேன்.

நல்லவேளையாக மேயருக்கும் விசாரணை சீக்கிரம் முடிய வேண்டியிருந்தது. வண்டிகளை நிறுத்திவைத்தது யார், போரை உயர்த்தி அடுக்கியது யார் என்று பேச்சு வளர்ந்தால் அவர் மானமும் சேர்ந்து போகும். சிதோனியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். இமை ஒன்று லேசாகத் துடித்தது.

“ஹொர்த்தான்ஸ், நீ நல்லாப் பார்த்துச் சொல்லு. இது நம்ம சிதோனி அம்மாவா?”

படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். தள்ளிப் பிடித்தேன், கிட்டப் பிடித்தேன். ஒரு பெருமூச்சுகூட விட்டேன். பொய் சொல்வதென்று வந்தபிறகு அரைகுறையாகச் சொல்லுவானேன்?

“இல்லவே இல்லைங்க. இது சின்ன வயசுப் பொண்ணு. இடுப்பைப் பாருங்க, எப்படி மடியுது! சிதோனி அக்காவுக்கு எங்க இப்படி வளையும்? அக்கா இடுப்பு பிடிச்சுப்போய் வருஷக் கணக்காச்சு. ஒரு குண்டூசி விழுந்தாலும் நான்தான் எடுத்துக் குடுக்கிறேன்.”

சிதோனி பக்கம் நான் திரும்பவே இல்லை. ஆனால் பல்லிடைவெளி வழியாகக் காற்று ஒன்று ‘ஸ்’ என்று உள்ளே போன சத்தம் கேட்டது.

“ஆனா அய்யா, அந்தம்மா ஊர் பூரா இது நான்தான்னு...” என்று பொலிகார்ப் ஆரம்பித்தார்.

“யூலாலியும்தான் சொன்னா. அவளையும் பிடிச்சு உள்ள போடுவமா? பொலிகார்ப் அண்ணே, வயசானவங்க ஆசைப்பட்டு எதாவது சொல்லுவாங்க. அதெல்லாம் பெருசா எடுத்துக்கலாமா?” என்றேன்.

மேயர் மேசையைத் தட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. “அதானே! இந்த ஓவியக்காரங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? பாரீஸ்ல மாடி அறையில ஒரு சின்னப் பொண்ணைக் கூட்டி வந்து, கட்டைச் செருப்பை மாட்டிவிட்டு, குனியச் சொல்லி வரைஞ்சிருப்பான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக வந்த எவளோ ஒரு பாரீஸ்காரி. நம்ம வயல், நம்ம போர், முதுகு மட்டும் பாரீஸ். சிதோனி அம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க. தமுக்கு அடிச்சதும் எல்லாரோடயும் வயலுக்கு வாங்க.”

பொலிகார்ப் கொஞ்ச நேரம் மீசையைக் கடித்தார். பிறகு, சட்டம் தோற்றாலும் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்கிற முகத்தோடு, படத்தை நான்காக மடிக்கத் தொடங்கினார். எனக்கு உயிர் வந்தது. ஈஸ்டர் வரைக்குமான ரொட்டியை நானே சுட்டு அடுக்கிவைத்ததுபோல் இருந்தது.

சிதோனி வாயைத் திறக்கவில்லை. வாசல் பக்கமும் போகவில்லை. குறுக்கே இருந்த நாற்காலியை ஓரமாகத் தள்ளினாள். ஜன்னலருகே போய், தரையில் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து, இடது பக்கம் வெளிச்சம் படுகிற மாதிரி அரை அடி நகர்ந்து நின்றாள். எங்கள் மூன்று பேருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, பாவாடையில் கலைந்திருந்த ஒரு மடிப்பைப் புறங்கையால் நீவிவிட்டு, முழங்கால் மடங்காமல் குனிந்து, உள்ளங்கையைத் தரையில் பதித்து, அசையாமல் நின்றாள்.